தோல் பார்த்து வாங்கிய கார்

ஐம்பத்தாறு வயதில் ஒரு மனுஷன், இரண்டே பேர் உட்காரக்கூடிய காரை வாங்கினால் அவனுக்குப் பைத்தியம் என்று நான் சொல்ல மாட்டேன். கொழுப்பு என்றுதான் சொல்வேன். பக்கத்து வீட்டு அமீனுல்லா பாய்க்கு அது முற்றிப்போயிருந்த சமயத்தில்தான், ஏலகிரியில் ஒரு பழைய பங்களாவில் சிவப்புக் கார் ஒன்று விலைக்கு வருகிறது என்று யாரோ அவர் காதில் போட்டார்கள்.

ஒடுகத்தூரில் சந்தைக்குப் போகிற வழியில் என் வெல்டிங் பட்டறை. கேட், கிரில், டிராக்டர் டிரெய்லர் என்று எது உடைந்தாலும் என்னிடம் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் பாய் வீடு. பாய் முப்பது வருஷம் வாணியம்பாடியில் தோல் பதனிடுகிற ஷாப்புகளில் செலக்‌ஷன் மாஸ்டராக இருந்தவர். பதம் போட்ட தோலை மேஜையில் விரித்தால் கட்டை விரலால் ஒரு தடவு தடவி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இது உண்ணி கடித்த ஆடு என்று பிரித்துத் தள்ளுவார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை, நான் மறுக்கவில்லை. ஆனால் உலகத்தில் இருக்கிற சகலத்தையும் தடவியே தரம் பிரித்துவிடலாம் என்று அவர் நம்பினார். தங்கச்சி மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோதுகூட அந்தப் பையனின் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லையாம். பைபாஸ் ஓரத்து நிலம் நல்ல விலைக்குப் போனதும் வேலையை விட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி.

“சிவா, நீ இரும்பப் பாரு. மத்தத நான் பாத்துக்கறேன்” என்று சொல்லித்தான் என்னை ஏலகிரிக்கு அழைத்துப் போனார்.

அரைக்கால் சட்டை போட்ட ஆசாமி ஒருவன் கொட்டகைக் கதவைத் திறந்தான். அவனுடைய தாத்தாவின் கார். அறுபது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் செய்தது. நீளமான மூக்கு, கூரை கிடையாது, ஏறி உட்கார்ந்தால் பிட்டத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு சாண். பானெட்டைத் திறக்கச் சொல்லுவார் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். பாய் நேராகக் குனிந்து சீட்டின் மேல் கட்டை விரலை வைத்தார். பிறகு உள்ளங்கையை வைத்தார். பிறகு, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, கன்னத்தை வைத்தார்.

“சிவா, இத்த தொட்டுப் பாருடா. அறுவது வருசம். எங்கனா ஒரு வெடிப்பு கீதா? ரெண்டு சீட்டும் ஒரே மாட்டுத் தோலு. இந்த மாதிரி வழவழப்பு என் சர்வீசுலயே நாலஞ்சு வாட்டிதான் பாத்துகிறேன்.”

“சரி பாய், வண்டியப் பாக்கலாமா?”

“இதான்டா வண்டி.”

நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தேன். குறுக்குச் சட்டங்கள் பரவாயில்லை. கால் வைக்கிற தரையைத் தட்டினால் டங் என்று கேட்க வேண்டும். பொத் என்றது. தகடு முழுக்கத் துரு தின்று, அந்த இடத்தில் துணி ஒட்டி பட்டி பூசி, கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். விரலால் அழுத்தினேன், உள்ளே போனது. மேலே கம்பளம் விரித்திருந்ததால் ஏறி உட்காருகிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

வெளியே வந்து பாயை ஓரமாக இழுத்தேன். “பாய், தரையே இல்ல பாய். பட்டி பூசி ஏமாத்திகிறான்.”

“சீட்டுக்கு இப்படி எண்ண போட்டு வச்சவன் வண்டியக் கெடுத்து வச்சிருப்பானா? கொஞ்சம் யோசன பண்ணு.”

“சீட்டு மேலயா பாய் ஓடும் வண்டி?”

“உனுக்கு இரும்பத் தவிர ஒண்ணும் தெரியாது. உடு.”

நம் சந்தையில் ஆடு வாங்க வருகிறவன், மனசுக்குப் பிடித்த ஆட்டை ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். பக்கத்து ஆட்டின் பல்லைத்தான் பிடித்துப் பார்ப்பான். இவர் கன்னம் வைத்துப் படுத்துக்கிடந்தார். அதைப் பார்த்ததுமே அரைக்கால் சட்டைக்காரன் உள்ளே போய் நிதானமாகக் காபி கலந்து எடுத்து வந்தான். சொன்ன விலையிலிருந்து ஒரு ரூபாய் இறங்கவில்லை.

கார் ஒடுகத்தூருக்கு வந்த அன்று தெருவே கூடியது. யாருக்கும் தொட அனுமதி இல்லை. அதை எங்கே நிறுத்துவது என்று நான் யோசிக்குமுன் பாய் ஷெட்டின் பூட்டைத் திறந்துவிட்டார்.

அந்த ஷெட் பாயுடையது இல்லை. அதாவது பத்திரத்தில் அவருடையதுதான். ஆனால் பத்து வருஷமாக அதை ஆண்டது அவர் மனைவி பத்ருன்னிசா. வாணியம்பாடியிலிருந்து திங்கட்கிழமை கம்பெனி வேன் வரும், ஷூவுக்கு மேல்பாகம் தைக்க வெட்டிய தோல் துண்டுகளை இறக்கிவிட்டுப் போகும். அப்பர் என்று சொல்வார்கள். ஏழு மிஷின், பத்ருன்னிசாவையும் சேர்த்து ஏழு பெண்கள். சனிக்கிழமை தைத்த அப்பர்களை எடுத்துப் போக வேன் திரும்பி வரும். எங்கள் தெரு தேவயானி அங்கே தைத்துத்தான் மகனை பாலிடெக்னிக் படிக்க வைத்தாள். பாய் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு, அவர் குடிக்கிற டீயும் அந்த மிஷின்களில் இருந்துதான் வந்தது. நிலம் விற்ற காசை அவர் தொட்டால் அது காருக்கு மட்டும்தான்.

அன்று சாயங்காலமே ஏழு மிஷினும் வெளிவராந்தாவுக்கு வந்தன. மேலே ஒரு நீலத் தார்ப்பாய். ஷெட்டுக்குள் கார் குளிர்ச்சியாக நின்றது.

“ரெண்டு நாளு பத்ரு. வேற எடம் பாத்துடறேன்” என்றார் பாய். இரண்டு மாதம் ஆனது.

அந்த இரண்டு மாதம் நான் பார்த்த கூத்துக்கு அளவில்லை. காலையில் நாஷ்டாவுக்கு முன்னால் சீட்டுக்கு எண்ணெய். அதற்கென்று ஒரு பனியன் துணி, அதை வேறு யாரும் துவைக்கக் கூடாது. ஷெட்டுக்குள் பூனை வந்ததென்று ஒரு நாள் அரை மணி நேரம் துடைப்பத்தோடு ஓடினார். காது மூடுகிற மாதிரி ஒரு தொப்பி வாங்கினார், ஒடுகத்தூர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போய் வந்தார். வழியில் மூன்று வேகத்தடை. நேராக ஏறினால் அடிவயிறு தட்டும் என்பதால் ரோட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குறுக்காக ஏற்றுவார். பின்னால் வேலூர் பஸ் நின்று ஹாரன் அடிக்கும். டிரைவர் கழுத்தை நீட்டி வாய்க்கு வந்ததைச் சொல்வான். பாய் தொப்பியைச் சரிசெய்துகொள்வார். அதைத் தனக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு நாள் அவரே என்னைக் கூப்பிட்டார். டிரைவர் பக்கம் கால் வைத்தால் ஆடுகிறதாம்.

“சீட்டு ரெண்டையும் கயட்டணும் பாய். துருப்புடிச்ச போல்ட்டு, வெட்டித்தான் எடுக்கணும். அப்பறம் தரைய முழுசா அறுத்துட்டு புதுத் தகடு வெக்கணும்.”

“வெல்டிங்கா? பொறி பறக்குமே. ஒரு பொறி பட்டா தோலு போச்சு. கீயேர்ந்து எதுனா செய்யி.”

கீழேயிருந்து ஒரு தகடு கொடுத்து ரிவிட் அடித்தேன். ஒப்புக்குச் செய்த வேலை, ஆனால் ஒரு ஆள் எடை தாங்கும். டிரைவர் பக்கம் முடிந்ததும் இடது பக்கம் நகர்ந்தேன்.

“அந்தப் பக்கம் வாணாம். அங்க யாரு உக்காரப் போறாங்க?” என்றார்.

நான் கருவிகளைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐப்பசி பிறந்ததும் மலைப் பக்கமிருந்து மழை இறங்கியது. சாய்ந்து அடிக்கிற மழைக்குத் தார்ப்பாய் எந்த மூலைக்கு? பெண்கள் தோல் துண்டுகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தைத்தார்கள். அந்த வாரம் வந்தது பெண்கள் ஷூவுக்கான வெள்ளைத் தோல். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் மஞ்சள் வட்டம் விழும். சனிக்கிழமை போன வேன் திங்கட்கிழமை அதே மூட்டையோடு திரும்பி வந்தது. இனி ஒரு தடவை இப்படி ஆனால் மிஷின்களை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்த பேச்சு எனக்கு அட்சரம் பிசகாமல் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் பத்ருன்னிசா பேசினார்.

“இன்னாங்க, ஷெட்டு எனுக்கு வோணும்.”

“கார எங்க உடறது? மழையிலயா?”

“நாங்க ஏழு பொம்பளைங்க மழையில குந்திகினு கீறோம். அது உங்க கண்ணுக்குத் தெரியல?”

“நீ ஒரு வாட்டி கூட அதுல ஏறிப் பாக்கல. அதான் இப்டி பேசற.”

“எனுக்கு எதுக்கு அது?”

பாய் குரலைத் தாழ்த்தினார். கெஞ்சுகிற குரல். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. “பத்ரு, ஒரே ஒரு வாட்டி. ஞாயித்துக்கெயமெ காவலூர் வரைக்கும் எங்கூட வா. மலையில காத்து மூஞ்சில அடிக்கும் பாரு. அங்க ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம். அப்பவும் உனுக்கு ஷெட்டுதான் வோணும்னா, கார வெளிய எடுத்துடறேன்.”

“சொன்னா மாற மாட்டீங்களே?”

“அல்லா மேல ஆணயா.”

பிறகு பத்ருன்னிசா, “சரி, வர்றேன். எனுக்கு ஷெட்டு வோணும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. கேட்டுக்கு வெளியே பத்துப் பேர் வேடிக்கை. நானும் டீ கிளாஸோடு நின்றேன். பத்ருன்னிசா புர்காவோடு கதவைத் திறந்து ஒரு காலை வைக்கப் போனார்.

“செருப்ப அவுத்துட்டு ஏறு. கம்பளத்துல சேறாவும்” என்றார் பாய்.

அவர் பாயை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் செருப்பைக் கழற்றிக் கேட் ஓரம் விட்டுவிட்டு, தரையில் குந்துகிற மாதிரி உடம்பை மடக்கி அந்த இடது பக்கத்தில் உட்கார்ந்தார். தேவயானி கேட்டைத் திறந்து விட்டாள்.

அந்தப் பக்கத்துத் தரை எனக்கு ஞாபகம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வாயில் டீ இருந்தது. விழுங்கிவிட்டுப் பக்கத்தில் நின்றவனிடம், “ஆலங்காயம் தாண்டாது, பாத்துகினே இரு. பாய் தள்ளிகினுதான் வரப்போறாரு” என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

பத்தரை மணிக்கு பாயிடமிருந்து போன் வந்தது. மூச்சு வாங்கியது. “சிவா, சின்ன லாரி ஒண்ணு புடிச்சிகினு வா. மூணாவது வளைவாண்ட நிக்கிறோம். கீய வுயுந்துடிச்சு.”

“இன்னா பாய் வுயுந்துச்சு?”

“அந்தப் பக்கத்துத் தர.”

போனில் பேசியது தேவயானி காதில் விழுந்துவிட்டது. வேண்டாம் என்றாலும் கேட்காமல் லாரியில் ஏறிக்கொண்டாள். ஆலங்காயம் தாண்டினோம். மலைப் பாதையில் மழைத் தண்ணீர் அரித்து நிறையப் பள்ளம். மூன்றாவது வளைவில் சிவப்பு மூக்கு ஓரமாகத் தெரிந்தது.

பத்ருன்னிசா ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். சாமை அறுக்கப் போய்க்கொண்டிருந்த மலைக்காரப் பெண்கள் இரண்டு பேர், வேலையை விட்டுவிட்டு அவர் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வலது கால் குதிகாலுக்கு மேலே கிழிந்து, உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பள்ளத்தில் இறங்கிய வேகத்தில் கம்பளத்தோடு சேர்த்துத் தரை பிளந்து, கால் ரோட்டில் உரசியிருக்கிறது. கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. அவர் கத்தியது பாய்க்கு உடனே கேட்கவில்லையாம், அந்தத் தொப்பி காதை மூடியிருந்தது.

தூறல் ஆரம்பித்திருந்தது. பாய் சட்டையைக் கழற்றியிருந்தார். காலைக் கட்டத்தான் கழற்றினார் என்று நினைத்தேன். அதைச் சீட்டின் மேல் விரித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், “நல்ல வேள சிவா. சீட்டு மேல ரத்தம் படல” என்றார்.

அவர் கெட்ட மனுஷன் இல்லை. அந்த நேரத்தில் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மனைவியின் காலைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. தேவயானி என்னைப்போல நின்று யோசிக்கவில்லை. அவரைத் தள்ளிவிட்டு அந்தச் சட்டையை உருவி, இரண்டாகக் கிழித்துக் காலைக் கட்டினாள்.

ஆஸ்பத்திரியில் பதினாலு தையல். குதிகால் நரம்பு பாதி அறுந்திருந்ததைச் சேர்த்துக் கட்டினார்கள். பத்ருன்னிசா டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

“பெடல் மிதிக்கலாமா சார்?”

“நாலு மாசம் கால கீழயே ஊனக் கூடாதும்மா. அதுக்கப்புறம் பாக்கலாம். பழையபடி பலம் வரும்னு சொல்ல முடியாது.”

மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கூடத்தில் கட்டில் போட்டு, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள். கார் இன்னும் மலை ரோட்டில்தான் நின்றது. அதை எடுத்து வருவதைப் பற்றிப் பேச பாய் என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் வாசலில் நிற்கும்போது பத்ருன்னிசா கேட்டார்.

“ஷெட்ட காலி பண்ணிட்டீங்க இல்ல? மிஷினுங்கள உள்ள வெக்கச் சொல்லட்டுமா?”

பாய் மோவாயைச் சொறிந்தார். “பத்ரு, நான் சொன்னது காவலூர் வரைக்கும். நாம காவலூரு போவலியே.”

முதலில் எனக்கு அது காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். ஆனால் அவர் அதைத்தான் சொன்னார். ஆணையிட்டுக் கொடுத்த வாக்கு, அதனால் வார்த்தை வார்த்தையாகப் பார்க்க வேண்டுமாம். தரையைச் சரிசெய்த பிறகு இன்னொரு தடவை போய், டீயும் குடித்துவிட்டு வந்தால் அப்போது கேட்கலாமாம். முப்பது வருஷம் ஆயிரக்கணக்கான தோலில் ஓட்டை கண்டுபிடித்த மனுஷன், தன் வாக்கிலேயே ஓட்டை கண்டுபிடித்துவிட்டார்.

பத்ருன்னிசா அழவில்லை, சண்டையும் போடவில்லை. கட்டிலில் இருந்தபடியே, “தேவயானி” என்று குரல் கொடுத்தார்.

வராந்தாவில் இருந்த ஆறு பெண்களும் எழுந்தார்கள். பாய், “ஏய், ஏய்” என்று பின்னால் ஓடினார். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டிரண்டு பேராக ஒரு மிஷினைத் தூக்கினார்கள். ஷெட்டில் இருந்த எண்ணெய் டப்பாக்கள், பனியன் துணிகள், காருக்கென்று வாங்கிய துணி உறை எல்லாம் வாசலில் வந்து விழுந்தன. அரை மணி நேரத்தில் ஏழு மிஷினும் பழைய வரிசையில் நின்றன. பத்ருன்னிசாவின் மிஷினில் தேவயானி உட்கார்ந்தாள்.

சாயங்காலம் லாரியில் கார் வந்தது. இறக்குவதற்கு இடமில்லை. பாய் ரோட்டில் நின்றுகொண்டு ஷெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உன் பட்டறையில விடு சிவா. உனுக்குப் புண்ணியமாப் போவும்.”

விட்டேன். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைக்கவில்லை. இரண்டு மாதம் நான் சொன்னது எல்லாம் நடந்துவிட்டது. ஏலகிரியில் ஸ்பானரால் தட்டிச் சொன்னேன், கேட்கவில்லை, இப்போது என் பழைய இரும்புக்கு நடுவே நிற்கிறது. அந்த ஜோரிலேயே பத்ருன்னிசாவைப் பார்த்து நலம் விசாரித்துவிட்டு வரலாம் என்று போனேன். அவரைக் கட்டிலோடு தூக்கி ஷெட்டுக்குள் போட்டிருந்தார்கள். கையில் அப்பர் ஒன்றை வைத்துக்கொண்டு பிசிறு நூலை நறுக்கிக்கொண்டிருந்தார்.

“இனி அந்தக் கார் உள்ள வராதும்மா. நான் பாத்துக்கறேன்” என்றேன்.

“வாங்கண்ணா” என்றார். நூலை நறுக்கி முடித்துவிட்டு, “அந்தத் தர ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?” என்று கேட்டார்.

“ஏலகிரியிலயே பாய்கிட்ட சொன்னேம்மா. அவரு கேட்டாத்தான? ரிவிட் அடிக்கும்போதுகூட சொன்னேன். அந்தப் பக்கம் வாணாம்னுட்டாரு.”

“அவருகிட்ட சொன்னீங்க. சரி. நான் ஏறும்போது நீங்க கேட்டாண்டதான நின்னுகினு இருந்தீங்க?”

“ஆமாம்மா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆறு பெண்களும் என்னைப் பார்த்தார்கள்.

“அவருக்கு அந்தக் காரு மேல ஆசண்ணா. கண்ணு தெரியாமப் போச்சு. உங்களுக்குத்தான் அந்த ஆச இல்லியே. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சுதே. நீங்க சிரிச்சிகினு நின்னத நான் பாத்தேன்.”

எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. அந்தக் கார் நடு ரோட்டில் நிற்க வேண்டும், பாய் தலை குனிந்து தள்ளிக்கொண்டு வர வேண்டும், அதை ஊர் பார்க்க வேண்டும் என்று இரண்டு மாதமாகக் காத்திருந்தேன். நடுவில் ஒரு பெண் ஏறி உட்கார்ந்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தலையணை மேல் இருந்த அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது?

பத்ருன்னிசா இன்னொரு அப்பரைக் கையில் எடுத்தார்.

“தேவயானி, சாரல் அடிக்குது. கதவ சாத்து” என்றார்.

வெளியே மழை இல்லை. தேவயானி எழுந்து வந்து, நான் படி இறங்குகிற வரை நின்று, கதவைச் சாத்தினாள்.